யாரு சொல்லி வந்தீங்க?

1

2011ஆம் ஆண்டு. திருப்பூரில் என் மாமா ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட் வைத்திருந்தார். பன்னிரண்டு மெஷின். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி எவ்வளவு என்பதை ஒரு யூனிட்காரர் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எட்டணா குறைத்துக் கேட்க யாரோ ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்.

மாமாவுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஏற்றுமதி கம்பெனி ஒன்று அந்த வருடம் பில்லையெல்லாம் இணையத்துக்கு மாற்றியது. மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும், அழுத்தினால் பில் திறக்கும். நான் ஊருக்குப் போயிருந்தபோது, "இதைக் கொஞ்சம் பிரிண்ட் எடுத்துக் குடு" என்றார் மாமா. அப்போது நான் சென்னையில் வேலையை விட்டுவிட்டு, கணினிப் பாதுகாப்புச் சோதனையைத் தனியாளாகச் செய்யத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இணைப்பின் கடைசியில் பில் நம்பர் இருப்பதைப் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை. கடைசி எண்ணை ஒன்று கூட்டி அழுத்தினேன். வேறொரு யூனிட்டின் பில் வந்து நின்றது. பெயர், எத்தனை பீஸ், பீஸுக்கு எவ்வளவு கூலி, எல்லாம். மாமாவைவிட அவருக்கு அறுபது பைசா அதிகம்.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடலாம் என்று மறுநாள் அந்தக் கம்பெனிக்கே நேரில் போனேன். முதலாளி மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். டீ வந்தது. நான் ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, நீங்க யாரு சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் வந்தேன்."

"அப்ப எங்க பில்லை நீங்க எதுக்குப் பாத்தீங்க?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. டீயை முழுதாகக் குடிக்கவில்லை. பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மேற்கொண்டு வழக்கு ஏதும் நடக்கவில்லை. ஆனால் மாமாவுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து வேலை வருவது நின்றது. பன்னிரண்டு மெஷினில் ஐந்து அந்த வருட தீபாவளிக்கு மூடிக் கிடந்தன. மாமா என்னைத் திட்டவில்லை. "நல்லதுதாம்பா பண்ணினே. யாரையாச்சும் கூட்டீட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் தொழிலின் பழைய கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். பூட்டு சரியில்லை என்று சொல்ல வருகிற அந்நியனை எப்படி நம்புவது? அவனே திருடனாக இருந்தால்? இந்தத் தொழிலில் தனியாக நிற்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். கூடுகைகள், சங்கங்கள், தேர்வுகள் எல்லாம் இதற்குப் பதில் தேடித்தான் முளைத்திருக்கின்றன.

2

கணினிக்கு முன்னால் பூட்டு. லண்டனில் பிக்காடில்லி தெருவில் ஜோசப் பிராமாவின் கடை இருந்தது. 1784இல் காப்புரிமை பெற்ற தன் பூட்டின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. 1790 வாக்கில் ஒரு பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, சாவி இல்லாமல் இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி என்று எழுதி வைத்தார். 200 கினி என்றால் 210 பவுண்டு, அந்தக் காலத்தில் பெரிய தொகை. பிராமா 1814இல் இறந்துபோனார். பூட்டு ஜன்னலிலேயே இருந்தது. அறுபது வருடம் யாராலும் திறக்க முடியவில்லை.

1851இல் லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. நியூயார்க்கின் டே அண்ட் நியூவெல் என்ற பூட்டு நிறுவனத்தின் சார்பில் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்பவர் வந்திறங்கினார். அமெரிக்காவில் வங்கி வங்கியாகப் போய்ப் பூட்டு விற்றவர். வங்கியில் ஏற்கெனவே இருக்கும் பூட்டை மேலாளர் கண்முன்னாலேயே திறந்து காட்டிவிட்டு, பிறகு தன் சரக்கை எடுப்பார்.

முதலில் அவர் கை வைத்தது சப் நிறுவனத்தின் பூட்டில். 1818இல் காப்புரிமை பெற்றது. யாராவது கள்ளத்தனமாகத் திறக்க முயன்றால் உள்ளே ஒரு நெம்பு இறுகிக்கொள்ளும், மறுமுறை உரிமையாளர் சாவி போடும்போது விஷயம் தெரிந்துவிடும். ஜூலை மாதம், வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கட்டடத்தில், பெட்டக அறைக் கதவில் பொருத்தியிருந்த சப் பூட்டை ஹாப்ஸ் 25 நிமிடத்தில் திறந்தார். சேதமில்லாமல் திரும்பப் பூட்டியும் காட்டினார். சுற்றி நின்று பார்த்தவர்கள் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அடுத்து பிராமா பூட்டு. இங்கேதான் எனக்குப் பாடம். ஹாப்ஸ் கடைக்குள் நுழைந்து ஜன்னலில் இருந்த பூட்டைக் குடையவில்லை. முதலில் பிராமா நிறுவனத்தோடு நிபந்தனைகளை எழுதிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக நடுவர்கள் நியமிக்கப்பட்டார்கள். எத்தனை நாள் அவகாசம், பூட்டு எங்கே இருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவானது. பிறகுதான் வேலை. பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து ஆகஸ்ட் கடைசியில் திறந்தார். பிராமா நிறுவனம் முறையிட்டது. இத்தனை கருவிகளோடு இத்தனை நாள் எந்தத் திருடனுக்குக் கிடைக்கும் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் திறந்தது திறந்ததுதான் என்று நடுவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 200 கினி கைமாறியது.

இன்று எங்கள் தொழிலில் சோதனைக்கு முன் ஒரு ஒப்பந்தம் போடுகிறோம். எந்தக் கணினியைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எந்தத் தேதி, எந்த நேரம், ஏதாவது நின்றுபோனால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் விசைப்பலகையைத் தொட மாட்டோம். பிக்காடில்லியில் எழுதிய அந்த நிபந்தனைக் காகிதத்தின் வாரிசுதான் அது. திருப்பூரில் என் கையில் அப்படி ஒரு காகிதம் இல்லை.

ஹாப்ஸுக்குப் பிறகு பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை. பூட்டைத் திறக்கும் வழியைப் பொதுவில் பேசலாமா? திருடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போல் ஆகாதா? 1853இல் சார்ல்ஸ் டாம்லின்சன் தொகுத்து ஹாப்ஸின் பூட்டு நூல் வெளியானது. திருடர்கள் அந்தத் தொழிலில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள், பேசாமல் மறைத்தால் ஏமாறுவது பூட்டு வாங்கும் நேர்மையானவர்கள்தான் என்று அந்த நூல் வாதாடுகிறது. 170 வருடங்களுக்குப் பிறகும் எங்கள் தொழிலில் ஒவ்வொரு கூட்டத்திலும் இதே வாதம் ஒரு முறையாவது எழும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஹாப்ஸ் நடுநிலையானவர் அல்ல. ஊரார் பூட்டைத் திறந்து காட்டியது தன் பூட்டை விற்கத்தான். பின்னர் லண்டனிலேயே பூட்டுத் தொழிலும் தொடங்கினார். அவர் விற்கவந்த நியூவெல் பூட்டை அமெரிக்காவில் லைனஸ் யேல் என்ற இன்னொரு பூட்டுக்காரர் திறந்துவிட்டார் என்பது கதையின் மறுபாதி.

3

கணினி வந்தது. 1960களில் ஒரே கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை வந்தபோது, ஒருவருடைய கோப்பை இன்னொருவர் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. 1967இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கணினி மாநாட்டில் ராண்ட் நிறுவனத்தின் வில்லிஸ் வேர் இதைப் பற்றிப் பொதுவில் பேசினார். அதன் தொடர்ச்சியாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக அவர் தலைமையில் 1970இல் ஒரு அறிக்கை தயாரானது. சில ஆண்டுகள் அது ரகசிய ஆவணமாகவே இருந்தது.

இங்கேதான் ஜேம்ஸ் ஆண்டர்சன் வருகிறார். பென்சில்வேனியாவின் ஃபோர்ட் வாஷிங்டன் என்ற ஊரில் தன் பெயரிலேயே சின்ன ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். தனியாளாகக் கணினிப் பாதுகாப்பு ஆலோசனை செய்பவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் முகம் அவர்தான். 1972இல் அமெரிக்க விமானப்படைக்காக அவர் எழுதிய இரண்டு தொகுதி அறிக்கை இன்றும் பாடப்புத்தகங்களில் பேசப்படுகிறது. ஒவ்வொரு அணுகலையும் விடாமல் சரிபார்க்கும், யாரும் திருத்த முடியாத, சோதித்து உறுதி செய்யும் அளவுக்குச் சிறிய ஒரு காவல் பகுதி கணினிக்குள் இருக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருக்கிறது. அனுபவசாலிகளை ஏவி அமைப்பை உடைத்துப் பார்க்கச் சொல்லும் "புலிக் குழு"க்களைப் பற்றியும் பேசுகிறது. 1980இல் இன்னொரு அறிக்கை. பதிவேடுகளை அலசி அத்துமீறலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் எழுதினார். அனுமதியோடு உள்ளே இருப்பவரே தவறு செய்யலாம் என்பதையும் வகை பிரித்துக் காட்டினார். ஊடுருவலைக் கண்டறியும் இன்றைய கருவிகள் அந்த அறிக்கையிலிருந்துதான் தொடங்குகின்றன.

1972 அறிக்கையின் அட்டையில் ஒரு ஆள் பெயர்தான். உள்ளே ஒரு குழு இருக்கிறது. பல்கலைக்கழகம், ராணுவம், நிறுவனங்கள் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியதைத்தான் ஆண்டர்சன் எழுத்தில் கொண்டுவந்தார். தனியாளின் நிறுவனம்தான், ஆனால் அறிவு தனியாளுடையது அல்ல. நான் தொழில் தொடங்கிய முதல் இரண்டு வருடம் யாரோடும் பேசாமல் அறையில் உட்கார்ந்து தானாகவே எல்லாம் கற்றுவிடலாம் என்று இருந்தவன். அந்த அறிக்கையின் முன் பக்கங்களில் உள்ள பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மேசை எல்லோருக்கும் கிடைக்காது. "யாரு சொல்லி வந்தீங்க" என்று கேட்டால் "விமானப்படை" என்று ஆண்டர்சன் சொல்லலாம். அப்படிச் சொல்ல முடியாதவர்கள் என்ன செய்தார்கள்?

4

அவர்கள் தங்களுக்கென்று மேசை போட்டுக்கொண்டார்கள். 1981 செப்டம்பரில் மேற்கு பெர்லினில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், ஒரு பெரிய பழைய மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் பேசினார்கள். கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அங்கே பிறந்தது. 1984இல் ஜெர்மன் அஞ்சல் துறையின் பி.டி.எக்ஸ். என்ற தொலைத்தகவல் சேவையில் ஓட்டை இருப்பதாக அதன் உறுப்பினர்கள் சொன்னார்கள். அஞ்சல் துறை கேட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் ஒரு ராத்திரி, ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் கணக்கிலிருந்து தங்கள் கணக்குக்கு ஏறத்தாழ 1,35,000 மார்க் வந்து விழும்படி செய்தார்கள். தாங்களே வெளியில் சொல்லி, பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

படிக்கும்போது கை தட்டத் தோன்றும். ஆனால் அந்த வங்கியின் மேலாளர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் தூக்கம் வராது. இதைச் செய்த இருவரில் ஒருவரான ஸ்டெஃபென் வெர்னெரி, 1988 மார்ச்சில் ஒரு பாதுகாப்பு மாநாட்டுக்காகப் பாரிஸ் போனார். இறங்கியதும் கைது. பிலிப்ஸ் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கணினிகளில் நடந்த ஊடுருவல் விசாரணைக்காக இரண்டு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். மாநாட்டில் பேசப்போனவர், சக தொழிலாளிகளைச் சந்திக்கப் போனவர், ஜெயிலைப் பார்த்துவிட்டு வந்தார்.

நியூயார்க்கில் 2600 என்ற பத்திரிகை 1984இல் தொடங்கியது. 1987இலிருந்து அதன் வாசகர்கள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் பொதுக் கூடத்தில் கூடினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், உறுப்பினர் அட்டை கிடையாது. வேறு ஊர்களுக்கும் பரவியது. 1992 நவம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு வணிக வளாகத்தில் கூடியிருந்தவர்களை வளாகக் காவலர்கள் சூழ்ந்து, பைகளைச் சோதித்து, பொருட்களைப் பறித்துக்கொண்டு வெளியேற்றினார்கள். அதில் அமெரிக்க அரசின் சீக்ரெட் சர்வீசின் கை இருந்ததாக வந்த செய்தி நீதிமன்றம் வரை போனது. அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் ஜெஃப் மாஸ் என்ற இளைஞர் நண்பர்களுக்காக ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு நூறு பேர் அளவில் வந்தார்கள். அதுதான் டெஃப் கான். இன்று பல்லாயிரம் பேர் போகும் திருவிழா.

5

இன்னொரு பக்கம் சங்கங்களும் தேர்வுகளும். கதவு, வேலி, காவலாளி, பூட்டு பற்றி ஆலோசனை சொல்பவர்களும் பாதுகாப்பு ஆலோசகர்கள்தானே? அவர்களுக்காக 1984இல் அமெரிக்காவில் ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கியது. அதில் சேர முக்கிய நிபந்தனை, கேமராவோ பூட்டோ காவல் ஆட்களோ விற்பவராக இருக்கக் கூடாது என்பது. ஹாப்ஸை அந்தச் சங்கத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

கணினிப் பக்கத்தில் 1989இல் ஐ.எஸ்.சி. ஸ்கொயர் என்ற அமைப்பு உருவானது. 1994இல் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ் வந்தது. இன்று வேலை விளம்பரங்களில் எல்லாம் இருக்கும் பெயர். 2014இல் நானும் எழுதினேன். தேர்வைவிட எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதற்குப் பிறகு வந்த படிவம். தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. ஐந்து வருட அனுபவம் காட்ட வேண்டும், ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் இவரை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் அமைப்பே ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்யும். படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சிரித்தேன். கண்டம் விட்டுக் கண்டம் தாண்டினாலும் அதே கேள்விதான். யாரு சொல்லி வந்தீங்க?

சான்றிதழ் கிடைத்தபின் மூன்று வருடத்தில் 120 மணி நேரத்துக்கு இணையான படிப்பைக் காட்டினால்தான் அது நிலைக்கும். மாநாடு, வகுப்பு, கட்டுரை எழுதுவது, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் கணக்கில் சேரும். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. தூங்கிக்கொண்டே காணொளி ஓடவிட்டு மணிக்கணக்கு சேர்ப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தனியாளாக வேலை செய்பவனுக்கு அந்தக் கட்டாயம் ஒரு உபகாரம். கம்பெனியில் இருந்தால் பக்கத்து மேசைக்காரர் புதுசாக ஏதோ படித்துவிட்டு வந்து சொல்வார். எனக்குப் பக்கத்து மேசை கிடையாது. வாடிக்கையாளர் வேலை நெருக்கும்போது முதலில் விடுபடுவது படிப்புதான்.

6

எந்தப் பக்கமும் முழுசாகச் சேராமல் நடுவில் நின்ற ஒரு குழுவின் கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. 1990களில் பாஸ்டனில் சில இளைஞர்கள் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, பழைய கணினிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பகலில் ஆளுக்கொரு வேலை, இரவில் இங்கே. அறைக்கு லாஃப்ட் என்று பெயர், அதில் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டு எழுதுவார்கள். மென்பொருள்களில் ஓட்டை கண்டுபிடித்து அறிவிப்பு வெளியிடுவார்கள். விண்டோஸ் கடவுச்சொல் எவ்வளவு எளிதில் உடையும் என்று காட்டும் கருவி ஒன்றையும் செய்தார்கள்.

1998 மே 19 அன்று அமெரிக்க செனட்டின் ஒரு குழு முன் அவர்கள் ஏழு பேர் சாட்சி சொன்னார்கள். மேசையில் வைத்த பெயர்ப்பலகையில் சொந்தப் பெயர் இல்லை. மட்ஜ், வெல்ட் பாண்ட், கிங்பின், ஸ்பேஸ் ரோக் என்று புனைபெயர்கள். முப்பது நிமிடத்தில் இணையத்தை முடக்கிவிடலாம் என்றார்கள். பெயர் தெரியாத ஏழு பேரை ஒரு செனட் குழு உட்காரவைத்துக் கேட்டது என்றால், அதற்கு முந்தைய பல வருடங்கள் அவர்கள் சொன்ன ஓட்டைகள் எல்லாம் உண்மையாக இருந்ததுதான் காரணம். அவர்களுக்காகப் பேசியது அவர்களுடைய பழைய அறிவிப்புகள்.

2000 ஜனவரியில் லாஃப்ட், அட்ஸ்டேக் என்ற புதிய ஆலோசனை நிறுவனத்தோடு இணைந்தது. மாதச் சம்பளம், பெரிய வாடிக்கையாளர்கள். தனியாளாக இருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் ஆசைதான். 2003 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியான டேன் ஜியர், வேறு ஆறு நிபுணர்களோடு சேர்ந்து ஒரு அறிக்கை எழுதினார். எல்லாக் கணினிகளும் மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் ஓடுவதே பெரிய ஆபத்து, ஒரே நோய் எல்லோரையும் தாக்கும் என்பது அதன் சாரம். மைக்ரோசாஃப்ட் அட்ஸ்டேக்கின் வாடிக்கையாளர். அறிக்கை வெளியான கையோடு ஜியர் அந்த நிறுவனத்தில் இல்லை. அடுத்த வருடம் அட்ஸ்டேக்கை சைமன்டெக் வாங்கியது.

நம்பிக்கை வேண்டுமென்றால் யாராவது பின்னால் நிற்க வேண்டும். பின்னால் நிற்பவர் சில நேரம் வாயைப் பொத்தவும் செய்வார். இரண்டையும் கணக்குப் பார்த்துத்தான் ஒவ்வொருவரும் தனியாக இருப்பதா, சேருவதா என்று முடிவு செய்கிறோம். நான் தனியாக இருக்கிறேன். அதற்கு விலை உண்டு. இந்தியாவில் அரசு, வங்கி போன்ற பல வேலைகளுக்குச் செர்ட்-இன் அமைப்பின் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் அறிக்கைதான் செல்லும். அந்தப் பட்டியலில் நிறுவனங்களுக்கு இடமுண்டு, தனியாளுக்கு இல்லை. ஆகவே அப்படி ஒரு நிறுவனத்துக்கு உள் ஒப்பந்தமாக வேலை செய்து கொடுப்பேன். அறிக்கையில் என் பெயர் இருக்காது. மாமா தைத்த பனியனில் மாமா பெயர் இருந்ததா என்ன?

7

இந்தியாவிலும் மேசைகள் முளைத்தன. பாதுகாப்பு ஆர்வலர்களுக்காக நல் என்ற திறந்த சமூகம் உருவானது. ஆங்கிலத்தில் சூன்யம் என்று பொருள், தமிழில் எழுதினால் நல்லதாகவே ஒலிக்கிறது. அவர்கள் 2010இல் கோவாவில் நல்கான் மாநாட்டைத் தொடங்கினார்கள். பல ஊர்களில் மாதாந்திரக் கூட்டம் உண்டு. கட்டணமில்லை. திருப்பூர் சம்பவத்துக்கு அடுத்த வருடம்தான் முதல்முறை சென்னைக் கூட்டத்துக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை காலை, யாரோ இரவல் கொடுத்த அலுவலக அறை. என் கதையைச் சொன்னேன். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர், வங்கியில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "நம்பரை ஒண்ணு மாத்தின சரி. ரெண்டாவது பில் வந்ததும் நிறுத்தினியா?" என்று கேட்டார்.

நிறுத்தவில்லை. ஏழெட்டுப் பில் பார்த்தேன். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றி கணினியை அணுகுவதைப் பற்றிப் பேசுகிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. எண்ணத்தை யார் அளப்பது? ஓட்டை இருக்கிறது என்று காட்ட ஒரு பில் போதும். மீதி ஏழும் என் ஆவலுக்காகப் பார்த்தவை. அந்தப் பெரியவர் பிறகு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார், சி.ஐ.எஸ்.எஸ்.பி. படிவத்துக்கு ஆள் காட்டினார். ஆனால் அவர் செய்த பெரிய உதவி அந்த ஒரு கேள்விதான்.

போன வருடம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். கல்லூரி மூன்றாம் வருடம். கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியின் செயலியில் ஓட்டை கண்டிருக்கிறான். அடுத்தவரின் ஆதார் நகல், சம்பளச் சீட்டு எல்லாம் தெரிகிறது.

"எத்தனை பேரோடது பாத்தே தம்பி?"

"மூணு அண்ணா."

யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இவனுக்காக என் பெயரைப் போட்டுக் கடிதம் எழுதினால், இவன் சொன்னது பொய்யானால், பதினைந்து வருடமாகச் சேர்த்த பெயர் அன்றோடு போகும். அன்று ராத்திரி பத்தரைக்கு அவனே கூப்பிட்டான்.

"அண்ணா, மூணு இல்ல. நாப்பது இருக்கும். கொஞ்சம் ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்திருக்கேன்."

அவனை எதையும் பகிரவோ மேற்கொண்டு தொடவோ கூடாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த வக்கீல் ஒருவரோடு பேசவைத்தேன். பிறகு கடிதம் எழுதினேன். யார் கண்டது, எந்தத் தேதி, எப்படி என்று வரிசையாக. நாற்பது பேருடைய தகவல் திறக்கப்பட்டது என்று மறைக்காமல் எழுதினேன். படங்களை அவர்கள் சொல்கிற விதத்தில் அழிக்கத் தயார் என்றும் எழுதினேன். கீழே அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர், என் தொலைபேசி எண். செர்ட்-இன்னுக்கு ஒரு பிரதி. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எழுந்துபோய் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

பதினேழு நாள் பதில் இல்லை. பதினெட்டாவது நாள் இரண்டு வரி வந்தது. சரி செய்துவிட்டோம், படங்களை அழித்துவிட்டு உறுதிக்கடிதம் அனுப்பவும். நன்றி என்ற சொல் அதில் இல்லை, வக்கீல் பெயரும் இல்லை. பையன் கொஞ்சம் வருத்தப்பட்டான். நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பொங்கலுக்குத் திருப்பூர் போனபோது மாமாவிடம் சொன்னேன். இப்போது எட்டு மெஷின்தான் ஓடுகிறது. கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, நூல் கண்டைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அது சரி. அந்தப் பையன் உங்கிட்ட யாரு சொல்லி வந்தான்?"

"நம்ம கூட்டத்துக்கு ரெண்டு தரம் வந்திருக்கான் மாமா. பின் வரிசையில உக்காந்திருப்பான்."

"ம்" என்றார். பிறகு மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.